மணிக்கு அறுபது

ஐயாயிரத்துக்கு ஒரு ரூபாய் குறைவு,
‘சாம்பல் தீவு’ இரண்டாம் பாகம்.
மணிக்கு அறுபது என்றால்
எண்பத்து நாலு மணி நேரம் யாராவது
இந்தத் தீவில் அலைந்தால்தான்
நான் கரையேறுவேன்.

கிருஷ்ணகிரி, சேலம் சாலை,
டயர்க் கடைக்கு மேல்மாடி.
இரண்டு டிவி, நாலு கண்ட்ரோலர்,
ஒன்றில் இடது பொத்தான் செத்துவிட்டது.

டிஸ்க் வருவதற்குள்ளேயே
விமர்சகர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள்.
பத்துக்கு ஒன்பதரை, ஒருவர்.
பத்துக்கு ஐந்து, இன்னொருவர்.
இரண்டு பேரும் சொன்னது ஒரே காட்சியை:
முதல் மணி நேரத்திலேயே
நெவாவின் வாள் உடைந்துபோகிறது,
அப்புறம் கடைசிவரை
கையில் ஒரு விளக்கு மட்டும்.
துணிச்சல் என்றார் அவர்.
சோம்பல் என்றார் இவர்.

அஸ்லம் முதல் பாகத்தை ஆறு முறை முடித்தவன்.
வாள் உடைந்ததும் எழுந்து
டீ குடிக்கப் போனான்.
திரும்பி வந்து
“இன்னொண்ணு எங்கியாச்சும் ஒளிச்சு வெச்சிருப்பாங்கண்ணா” என்றான்.
தேடினான்.
குகை, கிணறு, கலங்கரை விளக்கம், பன்றிப்பட்டி.
நாற்பத்தொரு மணி நேரம் தேடிவிட்டு
“மொக்க கேம்” என்றான்.
எனக்கு இரண்டாயிரத்து நானூற்று அறுபது.

பர்கூர் காலேஜ் ஹேமாவதிக்கு மழை பிடித்திருந்தது.
“நனைஞ்ச கல்லு ஒரு கலர்,
நனையாத கல்லு வேற கலர், பாருங்க.”
கிரானைட் பாலிஷ் போடுகிறவர் மகள்,
கல்லைப் பற்றிச் சொன்னால் மறுக்க முடியாது.
கதை?
“அது பாதியில தூங்கிடுச்சு.”

கீழே பஞ்சர் ஒட்டும்வரை
மேலே ஏறி வந்த லாரிக்காரர்
இருபது நிமிடம் குதிரை ஓட்டினார்.
எதையும் வெட்டவில்லை, எதிலும் மோதவில்லை.
“இத்தன நீளத்துக்கு ரோடு போட்டிருக்கான்,
ஒரு டோல்கேட் இல்ல.
நல்ல ஆட்டம்” என்று
சில்லறை வாங்காமல் இறங்கிப் போனார்.

திம்மராயனை மட்டும் எந்தக் கணக்கில் வைப்பதென்று
தெரியவில்லை.
மாங்கூழ் ஆலையில் பாய்லர்.
சீசன் முழுக்க ஷிப்ட் முடிந்து வருவார்,
நகக்கண்ணில் மஞ்சள்,
கண்ட்ரோலரில் அன்றைக்கெல்லாம்
பெங்களூரா மாம்பழ வாசனை.
முதல் பாகம் ஆடாதவர்.
வாள் என்று ஒன்று இருந்ததற்கு அழாதவர்.
படகுத்துறைக்குப் போய் நெவாவை உட்காரவைப்பார்.
விளக்கை அணைப்பார், ஏற்றுவார்.
படகு வரும். ஏற மாட்டார்.
எப்படி இருக்கு என்று ஒருநாள் கேட்டேன்.
“கரெக்டா பதினோரு நிமிசத்துக்கு ஒருக்கா வருது.
எங்க பாய்லருக்கு இந்த ஒழுக்கம் இல்ல.”

சீசன் முடிந்தது. அவர் வரவில்லை.

நேற்று அஸ்லம் வந்தான்.
“முதல்லேர்ந்து ஒரு தடவ போட்டுப் பாக்கறேன்” என்றான்,
மொக்கை என்று சொன்ன அதே வாயால்.
சேமிக்கும் இடம் பத்தும் நிறைந்திருந்தன.
ஒன்றை அழிக்க வேண்டும்.
ஏழாவதில் திம்மராயன்:
முன்னேற்றம் மூன்று சதவீதம்,
ஆடிய நேரம் பத்தொன்பது மணி.

“யாருண்ணா இது, லூசு?”
அழிக்கும் முன் திறந்து பார்த்தான்.
துறை. மழை. அணைந்த விளக்கு.
தண்ணீரில் ஒன்றும் இல்லை.
தேடின நாற்பத்தொரு மணியில்
இந்தப் பக்கம் வரவேயில்லையாம்.

“படகு வருமா?”
“பதினோரு நிமிசம் ஆவும்.”

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.
நான் நோட்டில்
நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.