காகிதம் ஒட்டிக்கொண்ட பக்கம்

நோர்வூட் தாண்டி மூன்றாவது வளைவில்
என் வானுக்குக் கோபம் வரும்.
முதல் கியரில் முக்கி ஏறும்போது
முள் சிவப்பைத் தொடும்.
பதினான்கு பிள்ளைகளும் ஒரே குரலில்
"அங்கிள், கொதிக்குது" என்பார்கள்
வாய்ப்பாடு ஒப்புவிப்பதுபோல.
பீலியடியில் நிறுத்துவேன்.
தண்ணீர்ப் போத்தல்கள் வரிசையாக வந்து
வெறுமையாகத் திரும்பும்.
தாமதத்துக்குக் காரணம் எழுதச் சொன்ன ஆசிரியைக்கு
ஏழாம் ஆண்டு டிலோஷினி
ஒரே சொல்லில் எழுதிக் கொடுத்தாள்:
ரேடியேட்டர்.

கம்பனி போட்ட விசிறி எஞ்சினோடு கட்டுண்டது.
அது மெதுவானால் இதுவும் மெதுவாகும்.
நடுக்குடத்தில் எண்ணெய் கசிந்து வருஷம் இரண்டு.
புதியதுக்கு விலை கேட்டேன்.
கேட்டதோடு சரி.

கம்பளையில் றிஸ்மி நானாவின் உடைசல் யாட்.
மூக்கில்லாத கார்கள் மழையில் நனைந்து நின்றன.
"முன்னுக்கு அடிபட்டதில விசிறி தப்பாது,
பின்னுக்கு அடிபட்டதாப் பாருங்க" என்றார்.
வெள்ளை மாருதியிலிருந்து ஒரு ஏழிதழ்,
பெயர்ப்பலகை விழுந்த இன்னொன்றிலிருந்து ஐந்திதழ்.
பற்றரியில் தொட்டதும்
கொஞ்சம் இருமிவிட்டுச் சுற்றின.
ஒன்றில் ஒட்டியிருந்த மஞ்சள் எச்சரிக்கை
ஜப்பானிய எழுத்து;
அதிலிருந்த வெட்டுப்பட்ட விரல் மட்டும்
எங்கள் மூன்று மொழியிலும் விளங்கியது.

ஞாயிறு முழுக்கக் குமுது பாஸின் கராஜில்.
பிளாஸ்டிக் நாரால்
ரேடியேட்டரிலேயே கட்டிவிடலாமே என்றேன்.
"கட்ட வேணாம். ஆடும். ஆடினா அறுக்கும்."
அவருடைய தமிழ் அவ்வளவுதான்,
அதற்கு மேல் தேவைப்பட்டதுமில்லை.
உடைந்த கட்டிலின் கோண இரும்பை அறுத்தோம்.
பிஸ்கட் தகரத்தைத் தட்டி விரித்து
காற்று பக்கவாட்டில் ஓடாதபடி சுற்றி அடைத்தோம்.
ரிலே, முப்பது அம்பியர் பியூஸ்,
மேல் குழாயில் ஒரு வெப்பச் சுவிட்ச்,
எண்பத்தெட்டில் கண் விழிக்கும்.

காற்று உள்ளே போகிறதா வெளியே வருகிறதா
பார்க்க ஒரு காகிதம் கேட்டார்.
சட்டைப்பையில் இருந்தது
லீசிங் கம்பனியின் இறுதி அறிவித்தல்.
ரேடியேட்டர் முகத்தில் வைத்தார்.
ஏழிதழ்ப் பக்கம் கப்பென்று ஒட்டிக்கொண்டது.
ஐந்திதழ்ப் பக்கம்
பறந்துபோய்த் தேயிலைச் செடியில் விழுந்தது.

ஒன்று இழுக்க, ஒன்று துப்ப,
ஒரே காற்றை இரண்டும் கைமாற்றிக்கொண்டு
படு சுறுசுறுப்பாக
ஒன்றுமே செய்யாமல் இருந்தன.
எனக்குச் சங்கக் கூட்டங்கள் ஞாபகம் வந்தன.

கறுப்பு வயரை நீலத்தின் இடத்துக்கும்
நீலத்தைக் கறுப்பின் இடத்துக்கும் மாற்றினார்.
இப்போது கடிதம் அங்கேயும் ஒட்டியது,
கொஞ்சம் தொளதொளவென்று.
இதழின் வளைவு மறுபக்கத்துக்கானதாம்.
இழுக்கும், அரை மனதோடு.
அரை மனது போதும் பாஸ் என்றேன்.

திங்கட்கிழமை.
மூன்றாவது வளைவில் யாரும் பேசவில்லை.
முள் நடுவிலேயே நின்றது.
பீலி வந்தது, போனது.
மடியில் இரண்டு போத்தல் வைத்திருந்த டிலோஷினி
ஏமாந்துபோய் ஒன்றைக் குடித்தாள்.
பாடசாலை வாசல் இன்னும் திறந்திருக்கவில்லை.

சாவியை எடுத்தேன். எஞ்சின் நின்றது.
விசிறிகள் நிற்கவில்லை.
காவலாளி சன்னாசி பனிமூட்டத்துக்குள்ளிருந்து வந்து
"உள்ளுக்கு யாரும் இருக்காங்களா?" என்று
சீட்டுகளுக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.
யாருமில்லை.
மலையேறி வந்த சூடு
இன்னும் இறங்கி முடியவில்லை.
சுவிட்ச் கண்ணை மூடியதும்
ஐந்திதழ் சட்டென்று ஓய்ந்தது,
ஏழிதழ் பழக்கத்தில் இன்னும் நாலு சுற்று சுற்றியது.

கடிதத்தை எடுத்துப் பார்த்தேன்.
ஒட்டிய இடமெல்லாம் ரேடியேட்டரின் அழுக்கு,
கட்ட வேண்டிய தொகையின் மேல்
வரிவரியாய்க் குறுக்குக் கோடுகள்.
ஆனாலும் வாசிக்க முடிகிறது.