இடக் கன்னம்

மல்லாவிச் சந்தியில் என் ஸ்டூடியோ.
பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம்,
செத்தவர்களின் படத்தைப் பெருப்பித்துப் பிரேம் போடுதல்.
மணப்பெண்ணின் கண்ணுக்குக் கீழே கறுப்பிருந்தால் எடுப்பேன்.
மாப்பிள்ளையின் ஒட்டின கன்னத்தை நிரப்புவேன்,
அதற்கு இரண்டு வழி.
அவனுடைய நாடிக்குக் கீழிருந்து கொஞ்சத் தோலைக் கிள்ளி
மேலே கொண்டுபோய் ஒட்டலாம்.
அல்லது வெளியிலிருந்து ஒரு நிறம் எடுத்துப் பூசலாம்.
பூசினால் வேலை கெதியில் முடியும்.
கிள்ளி ஒட்டினால் மயிர்க்கண்கூடச் சரியாக இருக்கும்.

கொழும்பில் அந்த டொக்டரும் இதையே சொன்னபோது
எனக்குச் சிரிப்பு வந்தது.
சிரித்தால் இடப்பக்கம் இன்னும் உள்ளே போகும்.
நிறுத்திக்கொண்டேன்.

பத்தொன்பது வயதில் தொடங்கினது.
வலியில்லை, காய்ச்சலில்லை.
தோலுக்குக் கீழிருந்த கொழுப்பை
ஏதோ ஒன்று சம்மணங்கட்டி இருந்து
ஆறுதலாகத் தின்றது.
மூன்று வருசம் தின்றுவிட்டு
தானே எழும்பிப் போனது.

அது எந்த மூன்று வருசம் என்று
இங்கே ஆருக்கும் சொல்லத் தேவையில்லை.
அதனால் எல்லாரும் ஷெல் என்றே நினைத்தார்கள்.
திரும்பிக் குடியேறின வருசம்
படிவத்தோடு வந்த பொடியன் என்னை நிமிர்ந்து பார்த்தான்,
ஒன்றும் கேட்காமல்
ஒரு கட்டத்துக்குள் சரி போட்டான்.
அடுத்த மாதம் ஐந்து கோழியும் ஒரு மூட்டை தீவனமும் வந்தன.
நான் இல்லை என்று சொல்லவில்லை.
அந்தக் கோழிகளின் வழியில் வந்தவை
இன்றைக்கும் முட்டை இடுகின்றன.

"அக்கா, ஃபில்லர் போடுங்கோ, அரை மணித்தியாலம்,
காசை நான் பாக்கிறன்" என்றான் ஸ்கார்பரோவிலிருந்து தம்பி.
பின்னால் நின்று தலையாட்டினாள் மச்சாள் வசந்தரூபி.
அவளுடைய கன்னம் வீடியோவில் பளபளத்தது.

டொக்டர் சிங்களத்தில் சொன்னதைத்
தாதி ஒருத்தி தமிழாக்கினாள்:
ஃபில்லர் எண்டால் ஜெல். ஒரு வருசம், மிஞ்சினால் ஒண்டரை.
பிடிக்காட்டி இன்னொரு ஊசியாலை கரைக்கலாம்.
கொழுப்பு உங்கட வயித்திலயிருந்து எடுக்கிறது.
பிடிச்சது பிடிக்கும், பாதி கரைஞ்சும் போகலாம்,
எவ்வளவெண்டு இப்ப சொல்ல ஏலாது.
இன்னொருக்கா வரவேண்டி வரும்.
கூடிப்போச்செண்டால் திருப்பி எடுக்கிறதும் கஷ்டம்.

எவ்வளவு தேவை என்று கேட்டேன்.
மேசைக்கரண்டியால் ஒன்று, கொஞ்சம் கூட.
என் வயிற்றில் அவ்வளவு இருக்கிறது என்பதே
எனக்குப் புதினம்.
கஞ்சி வரிசையில் நின்ற வயிறு.
பிறகு கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்து இருந்து
ரோல்ஸும் பிளேன்ரீயுமாகச் சேர்த்த சொத்து.

"ஒரு விசயம்" என்றாள் தாதி,
"நீங்கள் உடம்பு வைச்சால் அந்தக் கன்னமும் வைக்கும்.
மெலிஞ்சால் அதுவும் மெலியும்."
குறையாகத்தான் சொன்னாள்.

இரவு பஸ். மதவாச்சி தாண்டியும் நித்திரை வரவில்லை.
கைப்பைக்குள் அடையாள அட்டை,
பதினேழு வயதுப் படம், கறுப்பு வெள்ளை,
இரண்டு கன்னமும் உப்பி.
ஓமந்தையில் ஒருமுறை ஒரு ஆமிக்காரன்
அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து
"தங்கச்சியா?" என்று கேட்டிருக்கிறான்.
எனக்கும் அவளைத் தெரியாது என்று
சொல்லத் தோன்றியது.

ஜெல்லுக்குப் பசிக்காது.
நான் பட்டினி கிடந்தாலும் ஒரு பக்கம் மட்டும்
விருந்து வீட்டிலிருந்து வந்ததுபோல இருக்கும்.
எனக்கு வேண்டியது
என்னோடு சேர்ந்து பசிக்கிற கன்னம்.

மாங்குளத்தில் இறங்கும்போது விடியவில்லை.
ஓட்டோவோடு நின்றான் கோணேஸ்.
"என்னவாம் டொக்டர்மார்?"
"வயித்திலயிருந்து எடுத்துக் கன்னத்துக்கு வைக்கப் போயினம்."
"அப்ப அந்த ஷெல் துண்டு?"

கொஞ்சத்தூரம் பேசாமல் போனோம்.
முன்சில்லு ஒவ்வொரு குழியாகத் தேடித் தேடி விழுந்தது.

"கோணேஸ், அது ஷெல் இல்லை" என்றேன்.
கண்ணாடியில் என்னைப் பார்த்தான்,
றோட்டைப் பார்த்தான்,
திரும்ப என்னைப் பார்த்தான்.

"அப்ப கோழி?" என்றான்.