விலக்கல் பிழை

மோங்கு நகரில் மூன்று நாள் பயிற்சி.
'அனைவருக்கும் சமூகப் பாதுகாப்பு' என்று பதாகை.
'அனைவருக்கும்' மட்டும் துணி மடிப்பில் விழுந்து
பாதிதான் தெரிந்தது.

மொத்தம் இருபத்தாறு பேர்.
நல அலுவலர்கள், தொண்டு நிறுவனத்தார்,
தலைநகரிலிருந்து ஒரு பொருளாதாரக்காரர்,
பிறகு நான்,
பன்னிரண்டு வருடமாகப் படிவத்தோடு படகேறுகிறவன்.

பயிற்சியாளர் லிசெலி சொன்னார்:
சேர வேண்டியவருக்குச் சேராமல் போவது
விலக்கல் பிழை.
சேர வேண்டாதவருக்குச் சேர்ந்துவிடுவது
சேர்த்தல் பிழை.
எழுதிக்கொண்டோம்.
இரண்டும் ஒரே அளவு எழுத்தில்
ஒரே மாதிரி அடிக்கோட்டோடு
அடுத்தடுத்த வரியில் உட்கார்ந்தன.

பதினொரு மணிக்கு மின்சாரம் போனது.
அணையில் நீரில்லை, தெரிந்த கதைதான்.
வரைபடம் அணைந்த சுவரில்
ஒரு பல்லி மிச்சமிருந்தது.
லிசெலி ஜன்னலைத் திறந்தார்.
ஆளுக்கொரு வெள்ளைத் தாள் தந்தார்.
"நீங்கள் விட்டுவிட்ட ஒருவரை எழுதுங்கள்.
சதவீதம் வேண்டாம். பெயர்."

இருமினோம். நாற்காலிகள் இழுபட்டன.
"விதிப்படிதானே செய்தோம்" என்றார் சிதாலி,
பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே.
பொருளாதாரக்காரர் கேட்டார்:
"நான் யாரையும் நேரில் பார்த்ததே இல்லையே,
என்ன எழுத?"
"அதையே எழுதுங்கள்."

நான் எழுதினேன்: நமசிகு முண்டியா.
படிவத்தின் ஒன்பதாம் கேள்வி, கால்நடை உண்டா?
முற்றத்தில் ஓர் ஆடு கட்டியிருந்தது.
உண்டு என்று குறித்தேன்.
ஆடு பக்கத்து வீட்டுடையது.
அவள் சொல்லத்தான் சொன்னாள்.
எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று
எனக்கும் முன்பு ஒரு பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

அந்தப் பெயருக்குக் கீழே இன்னொன்று வந்தது.
அதற்கும் கீழே, தகரக் கூரைக்காகத் தள்ளிய ஒருவர்.
தகரம் ஒன்றே ஒன்று, அதிலும் ஓட்டை.
தாளைத் திருப்பினேன்.

மதியம் சோளக்களியும் மீனும்.
தட்டு நீட்டிய யாரிடமும்
பசிக்குச் சான்று கேட்கவில்லை சமையல்கார இனுது.
இயக்குநருக்கும் ஓட்டுநருக்கும் ஒரே கரண்டி.
மாலையில் தினப்படி,
இருபத்தாறு உறை, ஒரே தொகை.
என் முற்றத்தில் என்ன கட்டியிருக்கிறதென்று
எவரும் எட்டிப்பார்க்கவில்லை.
எனக்கு நான்கு மாடுகள்.
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் கணக்கு.
அறுபது தாண்டிய எல்லோருக்கும் கொடுத்தால் எவ்வளவு,
பொறுக்கிக் கொடுத்தால் எவ்வளவு.
பொறுக்குகிற செலவையும் சேர்க்கச் சொன்னார்:
என் படகு, என் டீசல், என் செருப்பு,
என் சந்தேகம்.
பொருளாதாரக்காரர் மூன்று முறை கூட்டினார்.
"இருந்தாலும் பணம் எங்கிருந்து?"
நியாயமான கேள்விதான்.
வரி, செம்பு, கடன் என்று பலகை நிறைந்தது.
தேநீர் ஆறியது. முடிவுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் சான்றிதழ், குழுப்படம், கைதட்டல்.
படிவத்தை மாற்ற லிசெலிக்கு அதிகாரமில்லை. எனக்கும்.
ஒன்பதாம் கேள்வி ஒன்பதாவதாகவே இருக்கிறது.

தாள்களை அவர் திரும்ப வாங்கவில்லை.
மறந்துவிட்டாரோ என்று
கொடுத்துத் தொலைக்க வாசல்வரை போனேன்.
"அது உங்களுடையது" என்றார்.

சாம்பேசியில் இப்போது நீர் குறைவு.
படகு மணல் தட்டிய இடத்தில்
எல்லோரும் இறங்கித் தள்ளினோம்.
இடுப்பளவு தண்ணீரில்
தாளை மட்டும் ஒரு கையில் உயர்த்திப் பிடித்திருந்தேன்.
சான்றிதழ் பையோடு நனைந்தது.

கரையிலிருந்து யாரோ கூவினார்கள்:
"புதுப் பட்டியலா?"

பழசு, என்றேன்.