மூன்றும் எட்டும்

பழைய மானிட்டரின் திருகுகளை உப்பு தின்றுவிட்டது.
கேபிள் முனையில் பச்சை பூத்து
மஞ்சளெல்லாம் வெளுத்து
ஒரு சாயங்காலம்
சந்தியாகு ஐஸ் கம்பெனியின் ஜிஎஸ்டி கணக்கில்
மூன்றை எட்டென்று படித்தேன்.
அபராதத்தை அவர் கட்டினார். திட்டவில்லை.
"கண்ண ஒருதரம் காட்டிரும்மா" என்றார்.
அதுதான் சுட்டது.

அதே வாரம், இரவு பதினொன்றரை.
இடிந்த ஆலையின் படிக்கட்டில்
துப்பாக்கியோடு திரும்பினேன்.
எதிரி வரவில்லை, அவனுடைய கலங்கல்தான் வந்தது.
நான் செத்த பிறகு
அவன் வந்து சேர்ந்தான்.
"என்னக்கா, நித்திரையோ?" என்றாள் கச்சான்.

கச்சான், அவள் விளையாட்டுப் பெயர்.
பாம்பனில் அது ஆடியில் ஓட்டைப் பிடுங்கும் காற்று.
அவளுக்கு வறுத்த கடலையும்கூட.
பேசாலையில் இருக்கிறாள், கடலுக்கு அந்தப் பக்கம்.
வானம் தெளிந்த இரவில் கரையில் நின்றால்
என் கைபேசி அவள் நாட்டுக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு
நல்வரவு என்று செய்தி அனுப்பும்.
எங்கள் தோட்டாக்கள் மட்டும்
சிங்கப்பூரைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

இருபத்திரண்டாயிரம் சேர்ந்ததும்
ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறினேன்.
கார்மேகம் இரண்டை அருகருகே வைத்தார்.
இரண்டும் இருபத்தேழு அங்குலம்.
விலையும் ஒன்றேதான். வினையே அதுதான்.

இடப்பக்கம் ஃபோர் கே.
எழுத்தெல்லாம் புதிதாய் அச்சடித்த கல்யாணப் பத்திரிகை.
நொடிக்கு அறுபது தடவை மட்டும் மூச்சு விடும்.
வலப்பக்கத்தது நூற்றறுபத்தைந்து தடவை.
அதில் ஒரு கார்
வளைவில் திரும்பும்போதுகூட
நம்பர் பிளேட்டைப் படிக்க முடிந்தது.

"வேலைக்கா, வெளையாட்டுக்கா?"
"ரெண்டுக்கும்."
"பையன் எத்தனாவது படிக்கிறான்?"
"பையன் இல்ல. நான்தான் வெளையாடுறேன்."
கார்மேகம் துடைக்கிற துணியை
ஏற்கெனவே துடைத்த இடத்தில்
மறுபடி தேய்த்தார்.

பென்டிரைவில் அந்தக் கணக்கைக் கொண்டுபோயிருந்தேன்.
இரண்டு திரையிலும் திறந்து
அதே வரி, அதே கட்டம்.
முதலில் நின்றுகொண்டு.
பிறகு நாற்காலி கேட்டு வாங்கி
வீட்டில் உட்காருகிற தூரத்தில்.

இடப்பக்கத்தில் மூன்று, மூன்றாக இருந்தது.
வலப்பக்கத்தில்
கொஞ்சம் தடித்த, கொஞ்சம் அலட்சியமான மூன்று.
ஆனாலும் மூன்று.
யாரும் அதை எட்டென்று சொல்லமாட்டார்கள்.

வலப்பக்கத்தைக் கட்டச் சொன்னேன்.
ரசீது எழுதும்போதும்
கண் இடப்பக்கமே போய்க்கொண்டிருந்தது.
பத்திரிகை எவ்வளவு அழகாய் இருந்தாலென்ன,
கல்யாணத்துக்கா போகிறோம்
என்று சொல்லிக்கொண்டேன்.
அவ்வளவாகச் சமாதானமாகவில்லை.

பஸ்ஸில் பெட்டிக்கு ஜன்னல் இருக்கை.
"டிவியாம்மா?" என்றார் கண்டக்டர்.
"கணக்குப் பாக்க" என்றேன்.
பாதி உண்மைக்கு
முழு டிக்கெட் கிழித்தார்.
பாலத்தில் எல்லோரும் கடல் பார்க்க எழுந்தார்கள்.
நான் இரண்டு கையாலும்
அட்டைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இருபதாம் தேதி நெருங்கியிருந்தது.
மூன்று ராத்திரி, பதினோரு கம்பெனி.
ஒரு மூன்றும் எட்டாகவில்லை.
நாலாம் ராத்திரிதான் விளையாட உட்கார்ந்தேன்.
அதே படிக்கட்டு. அதே சாவு.

"காச கடல்ல போட்டேன்" என்றேன்.
"செட்டிங்ஸுக்க போய்ப் பாருங்கோக்கா,
எத்தினை எண்டு கிடக்கு?"

அறுபது என்று கிடந்தது.

நான் வேண்டாமென்று விட்டுவந்த திரையின் வேகத்தில்தான்
இத்தனை நாளும் இருந்திருக்கிறேன்,
ஒரு குறையும் தெரியாமல்.

மாற்றினேன்.
ஆட்டத்தைத் திறக்கவில்லை.
வெற்று எக்செல் தாளில் சுட்டெலியை ஒரு தள்ளு தள்ள
அம்பு, தண்ணீர்மேல் வழுக்கிப் பாயும் முரல்போல்
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு.
திரும்ப ஒரு தடவை.
திரும்ப.

காதுக்குள் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்:
"அக்கா, லைன்ல நிக்கிறீங்களோ?
வாறீங்களோ, இல்லையோ?"