நாற்பத்தெட்டு டாலர்

கடை மூட இன்னும் இருபது நிமிடம்.
என் கையில் ரோனா மக்கில்வ்ரேயின் ஆறாவது ஆல்பம்.
அட்டையில் அவள் முகம் இல்லை,
கொடியில் காயும் மழைக்கோட்டு ஒன்று, அவ்வளவுதான்.
பின்பக்கம் விலைச்சீட்டு: நாற்பத்தெட்டு டாலர்.
டனீடனில் அது ஒரு வாரத்துப் பால், ரொட்டி,
கூடவே வெண்ணெய்.
வெண்ணெய் விலை தெரிந்தவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

முதல் ஆல்பத்தை நான் வாங்கவே இல்லை.
போர்ட் சாமர்ஸ் போகும் கடைசிப் பேருந்து,
ஓட்டுவது நான்.
சில்லறை போதாமல் படியில் நின்றவள்
ஒரு மூச்சு இழுத்து,
கித்தார்ப் பையிலிருந்து குறுந்தகடு ஒன்றை எடுத்து,
"டிக்கெட்டுக்குப் பதிலாக இது செல்லுமா?" என்றாள்.
செல்லாது என்றேன்.
வாங்கிக்கொண்டேன்.

பாட்டுக்குப் பாட்டு தகரக் கூரையில் மழை பெய்யும் அதில்.
யார் வீட்டு நாயோ இரண்டு முறை குரைக்கும்.
நான்காம் பாட்டின் நடுவே அவள் நாற்காலி கிரீச்சிடும்.
அந்தக் கிரீச்சுக்காகவே
விழித்திருந்த இரவுகள் உண்டு.

இரண்டாவதை வந்த அன்றே வாங்கினேன்.
மூன்றாவது, நான்காவது, கண்ணை மூடிக்கொண்டு.
ஐந்தாவதில் கை சுட்டது.
நாற்பது வயலின்கள், நடுவில் எங்கோ அவள்,
பனிமூட்டத்துக்குள்
தான் இருப்பதைச் சொல்ல
ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும் படகு.

இதற்கு நாளிதழ் மூன்றரை நட்சத்திரம் போட்டிருக்கிறது.
அந்த அரையை எந்தப் பாட்டில் வெட்டினார்களோ.
"போனில் சும்மாவே வருகிறதே" என்கிறாள்
காலை ஷிஃப்ட் ஓட்டும் லோசா.
ஞாயிறுதோறும் சர்ச்சில் பாடுகிறவள் அவள்,
அங்கே கூரை அதிரும்,
யாரும் விலை கேட்பதில்லை.

கல்லாவில் டெஸ்.
என் நிலை பார்த்து உறையைப் பிரித்த பிரதி ஒன்றைச்
சுழலவிட்டு ஊசியை வைக்கிறான்.
"முன்மாதிரி இல்லை, இப்போது
சந்தோஷமாக இருக்கிறாள்" என்கிறான்,
பழைய காரின் பிரேக்கைப் பற்றி
எச்சரிக்கிற குரலில்.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.
நாற்பத்தெட்டு டாலருக்கு நான் கேட்பது
பாட்டையா, அவள் பட்ட பாட்டையா?
ஹீட்டர் இல்லாத அந்த ஷெட்டில்
அவள் இன்னமும் விரல் விறைக்க உட்கார்ந்திருக்க வேண்டும்,
நான் சாப்பிட்டு முடித்து, போர்வைக்குள்
கொஞ்சம் உருகிக்கொள்ள வேண்டும்,
அப்படித்தானே?

சரி, ஆனால் பாட்டு?
மறைக்காமல் சொல்கிறேன், பிடிக்கவில்லை.
இயந்திர மேளம்.
இரண்டாம் அடியில் ஓர் எதுகை,
தூக்கக் கலக்கத்தில் எழுதியது.
கூரை இல்லை, மழை இல்லை,
நாய் செத்தே போயிருக்கும்.
தட்டைத் திருப்பி வைக்கக் கை போகிறது.

கடைசி அடிக்கு முன்னால் ஒரு மூச்சு இழுக்கிறாள்.

யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் அதை.
துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய பாட்டில்
துடைக்க மறந்த ஒரே இடம்.
கேட்கக் கூச்சப்படுவதைக்
கேட்டுவிடத் துணிகிறவளின் மூச்சு.
எனக்குத் தெரியும்.
பேருந்துப் படியில் நின்று இழுத்தது.

"பிடித்ததா?"
"இல்லை."
"அப்போ?"
ஐம்பதை நீட்டினேன்.
டெஸ் தலையைச் சொறிந்துகொண்டு
கொக்கு பொறித்த இரண்டு டாலர் நாணயத்தைத்
திருப்பித் தந்தான்.
அந்த ராத்திரி அவளிடம் குறைந்ததும்
ஏறக்குறைய அவ்வளவுதான்.

இப்போது அது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால்,
சாப்பாட்டுப் பைக்கும் கையுறைக்கும் இடையில்.
மேட்டில் ஏறும்போது சரிகிறது,
இறக்கத்தில் தானே நிமிர்ந்துகொள்கிறது.
மேலுறையை இன்னும் கிழிக்கவில்லை.
ஞாயிறு வரை இருக்கட்டும்.
நன்றாக இல்லாமலும் போகலாம்.