மான் எழும்பினதும் வாறோம்

குறை என்று சொல்ல ஒன்றுமில்லை அந்தச் செயலியில்.
பின்னேர வேலை முடிந்து
ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுத்தினால்
நாலு நிமிடத்தில் ஓட்டோ.
சொன்ன காசுதான் காசு.
"பயணம் எப்படி?" என்று கேட்கும்.
நாலு நட்சத்திரம் போட்டுவிட்டுக்
குளிக்கப் போவேன்.

குழாயில் தண்ணீர் வந்ததை
யார் டயறியில் எழுதுகிறார்கள்?

மாசியில் இன்னொரு செயலி வந்தது,
முதல் ஐந்து ஓட்டத்துக்கும் அரைவாசிக் காசு.
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எல்லாருமே மாறினார்கள்,
எதற்கும் மாறாத வத்சலா மிஸ்கூட.
நானும் இறக்கிவிட்டு
பழையதை அழிக்க விரலால் அழுத்தினேன்.
அது நடுங்கியது.
(எல்லாமே அப்படித்தான் நடுங்கும். நான் இரக்கப்படவில்லை.)
புதியதன் கழிவு இலக்கம் இன்னும் வந்து சேரவில்லை.
சரி, பழையதில் கடைசியாக ஒரு தரம்.

வரைபடத்தில் ஓட்டோ
கோட்டையடியில் அசையாமல் நின்றது.
கீழே ஒரு வரி:
"றோட்டில மான் படுத்திருக்கு. எழும்பினதும் வாறோம்."
பக்கத்தில் யாரோ கையால் கீறிய புள்ளிமான்
ஒரு காதை மட்டும் ஆட்டியது.

இரவு பதினொன்றரை.
வீங்கிய கால், ஸ்பிரிட் மணக்கும் கை.
காவலாளி திரும்பிப் பார்க்கச் சிரித்தேன்.
இதை எழுதியவன்
எங்கோ குளிரூட்டிய அறையில் இருந்து எழுதவில்லை;
ஒருநாள் இதே றோட்டில்
ஹோன் அடிக்காமல் காத்திருந்திருக்கிறான்.

அழிக்கவில்லை.

ஆனாலும் பொய் சொல்லக்கூடாது.
இரண்டாம் தரம் சும்மா ஒரு புன்னகை.
ஐந்தாம் தரம் மானைப் பார்க்கவேயில்லை,
நேரத்தைத்தான் பார்த்தேன்.
சந்தோஷமும் சம்பளம் மாதிரி,
மூன்றாம் மாதம் அது
வரவேண்டிய காசு.

புரட்டாதியில் புதுப் பதிப்பு.
"சிறு தாமதம். வருந்துகிறோம்."
அதே நாலு நிமிடம், அதே றிஸ்மியின் பச்சை ஓட்டோ.
முதன்முதலாகப் புகார்ப் பெட்டியைத் திறந்து
எழுதினேன்: மான் எங்கே?

பதில் இல்லை.

நேற்று நல்ல மழை.
புதியது ஆறு நிமிடம் என்றது,
பழையது இருபத்திரண்டு.
வாசல் தகரத்தின் கீழ் ஒதுங்கி
இருபத்திரண்டையும் எண்ணிக்கொண்டு நின்றேன்,
சப்பாத்துக்குள் தண்ணீர்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டது, "பயணம் எப்படி?"
வழமைபோல்
நாலுதான் போட்டேன்.