கம்பியில் காது

மாநகராட்சியில் முப்பத்தொரு வருஷம்
குழாய் ஃபிட்டர்.
ராத்திரி ரெண்டு மணிக்கு, ஊர் அடங்கினபின்,
சிம்மக்கல் ரோட்டில் இரும்புக் கம்பியை ஊன்றி
மண்டியிட்டு அதன் தலையில் காது வைப்பேன்.
கீழே எங்கே கசிகிறதென்று
கம்பி சொல்லும்.

அப்படி மண்டியிட்டே தேய்ந்த முட்டிக்கு
ஆவணியில் உலோகம் வைத்தார்கள்.
கார்த்திகையில் தெற்குவாசல் வரை நடந்தேன்.
மாசியில் ஒரு விடியற்காலை
விழவில்லை, இடிக்கவில்லை,
படுக்கையிலிருந்து எழுந்தேன், அவ்வளவுதான்.
அரை மணி நேரத்தில் முட்டி
பரங்கிக்காய்.

காய்ச்சல் இருக்கா என்றார்கள். இல்லை.
ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை?
நிறுத்தி நாலு மாசம்.
டாக்டர் ஹெப்சிபா ஊசியைக் குத்தி இழுத்தார்.
சீழ் வருமோ என்று
சௌந்திரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
வந்தது ரத்தம்.
அறுபது மில்லி, நாவல்பழக் கறுப்பில்.
கிருமி இல்லை என்றது லேப் சீட்டு.
கட்டு, ஐஸ், ஒரு வாரம் கால் நீட்டிப் படுக்கை.
வற்றியது.

பங்குனியில் மறுபடி.
சித்திரையில் மூன்றாம் தடவை,
சாமி ஆற்றில் இறங்கிய அன்று.
ஊர் முழுக்க ஒரே பக்கம் போக
வில்லாபுரத்திலிருந்து எதிர்ப்பக்கமாய்
சந்து சந்தாகச் சுற்றியது
என் காலை ஏற்றிய ஆட்டோ.

எத்தனை தடவை இறைத்தாலும்
உடைந்த இடத்தை மூடாமல் குழி வற்றாது,
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவரே சொன்னார்:
இறைச்சது போதும், இடத்தைப் பார்ப்போம்.

தொடையிடுக்கில் ஒரு நூல் நுழைந்தது.
மருந்து ஓடியபோது கால் முழுக்க வெந்நீர்.
திரையில் என் லைன்கள் எல்லாம் தெரிந்தன:
மெயின், கிளை, வீட்டு இணைப்பு.
முட்டியின் உள்பக்கம், சுண்டுவிரல் நகம் அளவு,
மை ஊறிய பஞ்சு மாதிரி ஒரு திட்டு.
அங்கதான், என்றேன்.
என்னை யாரும் கேட்கவில்லை.

மணலைவிடப் பொடியான துகள் விட்டு அடைப்பார்களாம்.
முழுக்க அடைக்கக் கூடாதாம்,
தோல் கறுத்துவிடும்.
தெரியும் மேடம்.
ஜெய்ஹிந்த்புரத்தில் ஒருக்கா
ஒரே ஒரு கசிவுக்காக மொத்த வால்வையும் திருகி
நாலு தெரு என் முன்னால்
காலிக் குடத்தோடு வந்து நின்றது.

திரும்ப வரலாம் என்றும் சொல்லித்தான் அனுப்பினார்கள்.
வந்தால், திறந்து
உள்சவ்வை வழித்தெடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது வைகாசி. முட்டி அடங்கிக் கிடக்கிறது.
என் முட்டியில் என் காதை வைக்க
எனக்கு வளையாது.
ராத்திரி ரெண்டு மணிக்கு சௌந்திரம் எழுந்து
அவள் காதை வைத்தாள்.
ஒண்ணும் கேக்கல, என்றாள்.
சத்தம் இல்லைன்னா ரெண்டு அர்த்தம்டி.
கசிவு இல்ல.
இல்லாட்டி, தண்ணியே வரல.

பதில் சொல்லாமல்
கால்விரல்களைப் பிடித்துப் பார்த்தாள்,
ஒவ்வொன்றாக.
சுடுது, படுங்க.